மாதம் 30 சிங்கப்பூர் வெள்ளி, கம்போடியப் பிள்ளைகளின் படிப்புக்கு: இரண்டு ஆண்டு கட்டிய அனுபவம்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் ஒரு பெண் அட்டையும் பேனாவுமாக மறித்தாள். "அங்கிள், அஞ்சே நிமிஷம்." இருபது நிமிடம் ஆனது. உலகத்தில் 25 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருக்கிறார்களாம். அவளுடைய தொண்டு அமைப்பு கம்போடியாவில் அப்படிப்பட்டவர்களை வகுப்பில் சேர்க்கிறதாம். வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட இங்கே அனுமதி வேண்டும். அந்த அனுமதிச் சீட்டைக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான், மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் ஜைரோ படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். நீங்களும் கேளுங்கள்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். காலை 6.10க்குப் புளோக்கின் கீழே பிள்ளை நிற்கவில்லை என்றால் அம்மாவுக்கு உடனே ஃபோன் போகும். 2003லிருந்து இங்கே தொடக்கப்பள்ளி சட்டப்படி கட்டாயம்; ஒரு பிள்ளை காணவில்லை என்றால் தேட நாலு பேர் உண்டு. அதனால் பள்ளிக்குப் போகாத பிள்ளை என்றதும், ஊரில் பள்ளிக்கூடமே இருக்காது என்று நினைத்தேன்.

அமைப்பின் முதல் அறிக்கை வந்தபோதுதான் புரிந்தது. பள்ளிக்கூடம் இருக்கிறது. தோன்லே சாப் ஏரியின் மிதக்கும் கிராமங்களில் அங்கே போகப் படகு வேண்டும். தலைநகர் நோம்பென் பக்கத்துச் செங்கல் சூளைகளில் பெற்றோர் வாங்கிய கடனுக்குக் குடும்பமே கல் அடுக்குகிறது. தாய்லாந்துக்கு வேலை தேடிப் போகிறவர்கள் பாதிப் படிப்பில் பிள்ளையையும் கூட்டிப் போகிறார்கள். ரத்தனகிரி மலைப்பக்கம் வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் நாட்டு மொழியான கெமர். பன்னிரண்டு வயதில் முதல் வகுப்பில் உட்கார வெட்கம் வேறு.

இதையெல்லாம் வெளிநாட்டுப் பணம் மட்டும் சரிசெய்யாது. வீடு வீடாகப் போக உள்ளூர்க்காரர்கள் வேண்டும். பிறகு அரசுப் பள்ளி அந்தப் பிள்ளையை ஏற்றுக்கொள்ள வேண்டும். கத்தார் 2012ல் தொடங்கிய 'எஜுகேட் எ சைல்ட்' திட்டமும் முழுச் செலவை ஏற்பதில்லை. ஒரு பங்கைத் தந்து, மீதியைப் பங்காளி அமைப்புகளைத் திரட்டச் சொல்கிறது. சொந்தப் பணமும் உள்ளே இருந்தால்தான் அக்கறை இருக்கும். எனக்குச் சரியாகப் படுகிறது.

இனி குறைகள். முதல் வருட அறிக்கையில் 'சேர்க்கப்பட்டவர்கள்' என்று ஒரே ஒரு எண். என் பேருந்திலும் ஜனவரியில் பெயர்ப்பட்டியல் நிறைந்திருக்கும். ஜூலையில் எத்தனை இருக்கை நிறைகிறது என்பதுதான் கணக்கு. மின்னஞ்சலில் கேட்டேன். மூன்று வாரம் பதிலே இல்லை. பிறகு அமைப்பிலிருந்து ஒரு தம்பி அழைத்து, "சேர்ந்தவர்களில் கொஞ்சப் பேர் அறுவடைக்கும் எல்லைக்கும் போய்விட்டார்கள் அங்கிள்" என்று மழுப்பாமல் சொன்னார். இரண்டாம் வருட அறிக்கையில் ஆண்டிறுதித் தேர்வு எழுதியவர்களுக்குத் தனிக் கட்டம் வந்தது. சின்ன எண்தான். அதைப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது.

அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும். மனைவிக்கு மகள்தான் படித்துச் சொன்னாள். உள்ளூர் அறக்கொடைக்குக் கிடைக்கும் வரிக்கழிவு இதற்கு எனக்குக் கிடைக்கவில்லை, அதையும் வாசலிலேயே சொல்லியிருக்கலாம்.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. தொடர்ந்து கட்டுவேன். ஆனால் 30ஐ 50 ஆக்கச் சொல்லி மதியம் 1.30க்கு அழைக்காதீர்கள். அது நான் பிள்ளைகளை ஏற்றும் நேரம்.