பழைய காருக்குக் கீபேட் பூட்டு: விடுப்பில் செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு

விடுப்பில் ஊருக்கு வருபவர்களின் வீட்டில் பல மாதமாக நின்றுகொண்டே இருக்கும் பழைய கார் ஒன்று இருந்தால், அதன் சாவிதான் பெரிய தலைவலி. ஒரே சாவி, அது யாரிடம் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. கதவில் எண் தட்டித் திறக்கும் கீபேட் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். தீரும்தான். ஆனால் இந்த வேலையில் கீபேட் வாங்குவதும் ஒட்டுவதும் மிகச் சிறிய பங்கு. காரின் பூட்டு எந்த வகை, நின்றிருக்கும்போது பேட்டரியிலிருந்து எவ்வளவு கரண்ட் போகிறது ஆகிய இரண்டையும் முதலில் அளந்து பார்க்காத எலெக்ட்ரீஷியனிடம் வண்டியை விடாதீர்கள்.

கீபேட் பூட்டு ஒன்றும் புதிதல்ல. ஃபோர்டு நிறுவனம் 1980லேயே தண்டர்பேர்ட், லிங்கன் போன்ற மாடல்களில் இதைக் கொடுத்துவிட்டது. ஐந்து பட்டன், ஒவ்வொன்றிலும் இரண்டு எண், ஐந்து இலக்கக் குறியீடு. எண்கள் பத்து இருந்தாலும் பட்டன் ஐந்துதான் என்பதால், சாத்தியமான குறியீடுகள் 3,125 மட்டுமே. சந்தையில் கிடைக்கும் கீபேட்களில் பத்து தனிப் பட்டன் உள்ளதை எடுத்து ஆறு இலக்கம் வைத்தால் அது பத்து லட்சமாகிறது. சில முறை தவறாகத் தட்டினால் ஒரு நிமிடமாவது எந்த எண்ணையும் ஏற்காமல் உறைந்துபோகும் வசதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது இல்லாத கீபேடில் இலக்கங்களின் எண்ணிக்கைக்கு மதிப்புக் குறைவு.

இனி பூட்டு. காரில் சென்ட்ரல் லாக்கே (ஒரு கதவைப் பூட்டினால் எல்லாக் கதவும் பூட்டும் அமைப்பு) இல்லையென்றால் வேலை நேரானது, ஆனால் நீளமானது. நான்கு கதவிலும் லாக் மோட்டார் பொருத்த வேண்டும். ஓட்டுநர் கதவுக்கு ஐந்து வயர் மோட்டார், மற்ற மூன்றுக்கும் இரண்டு வயர் மோட்டார், நடுவில் ஒரு கன்ட்ரோல் பாக்ஸ்: செட்டாகவே கிடைக்கும். ஐந்து வயரில் பச்சையும் நீலமும் பொதுவாக மோட்டாருக்கு. வெள்ளை, பழுப்பு, கறுப்பு ஆகியவை உள்ளே இருக்கும் சுவிட்சுக்கு. சாவியால் ஓட்டுநர் கதவைத் திறந்தால் மற்ற கதவுகளும் திறப்பது இந்தச் சுவிட்சால்தான். நிறத்தை மட்டும் நம்பாமல் மீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது. கீபேடின் பூட்டு, திறப்பு வயர்களை கன்ட்ரோல் பாக்ஸின் வெள்ளை, பழுப்பு வயர்களோடு சேர்த்தால் போதும். கீபேட் ஒரு கணம் அந்த வயரைப் பாடியோடு (காரின் உலோக உடல், அதாவது எர்த்) இணைத்துவிட்டால் பாக்ஸ் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

சென்ட்ரல் லாக் ஏற்கெனவே இருக்கும் காரில்தான் தப்பு நடக்கிறது. ஓட்டுநர் பக்கத்துக் கால் பலகையின் உட்புறம் போகும் பூட்டு சுவிட்ச் வயரில் மல்டிமீட்டரை வையுங்கள். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் அல்லது சற்றுக் குறைவாகக் காட்டி, பட்டனை அழுத்தியதும் பூஜ்யத்துக்கு இறங்கினால் அது நெகட்டிவ் டிரிக்கர், அதாவது வயரை எர்த்தோடு தொட்டால் பூட்டு இயங்கும் வகை. கீபேடை நேராகவே இணைக்கலாம். சும்மா இருக்கும்போது பூஜ்யம், அழுத்தினால் 12 வோல்ட் என்றால் இரண்டு வகை சாத்தியம் உண்டு. அந்த வயருக்கும் பாடிக்கும் நடுவே ஓம்ஸ் அளந்தால் தெரிந்துவிடும். சில பத்து ஓம் காட்டினால் உள்ளே ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) காயில் இருக்கிறது, 12 வோல்ட் கொடுத்தால் இயங்கும் பாசிட்டிவ் டிரிக்கர். ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால், மோட்டார் வயர்களே சுவிட்ச் வழியாக எர்த்தில் உட்கார்ந்திருக்கின்றன. இதை ரிவர்ஸ் போலாரிட்டி என்பார்கள். இந்த மூன்றாவது வகையில் யாராவது கீபேட் ரிலேயிலிருந்து 12 வோல்ட்டை நேராக வயரில் கொடுத்தால், அது சுவிட்ச் வழியாக எர்த்துக்கு ஷார்ட் ஆகும். ஃப்யூஸ் போனால் அதிர்ஷ்டம். போகாவிட்டால் சுவிட்ச் கருகும்.

ரிவர்ஸ் போலாரிட்டிக்கு இரண்டு ஐந்து முனை ரிலே வேண்டும், பூட்டுக்கு ஒன்று, திறப்புக்கு ஒன்று. வயரை வெட்டி, மோட்டார் பக்க முனையை ரிலேயில் 30 என்று எண்ணிட்ட முனையில், சுவிட்ச் பக்க முனையை 87ஏ-யில் கொடுக்க வேண்டும். 87க்கு ஃப்யூஸ் வழியாக வந்த 12 வோல்ட். 86க்கும் 12 வோல்ட். 85க்குக் கீபேடிலிருந்து வரும் நெகட்டிவ் வயர். இப்படிச் செய்தால் பழைய சுவிட்சும் முன்போலவே வேலை செய்யும். ஒவ்வொரு ரிலே காயிலுக்கும் குறுக்கே 1என்4007 டயோடு (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்) ஒன்று, கோடு உள்ள முனை 86 பக்கம். இது இல்லாவிட்டால், ரிலே விடும் நொடியில் காயிலிலிருந்து திரும்பும் வோல்டேஜ் கீபேடின் சிறிய டிரான்சிஸ்டரை மெல்லக் கொல்லும். ஒரு மாதம் நன்றாக ஓடிவிட்டு திடீரென்று "பூட்டும், திறக்காது" என்று நிற்கும் கீபேட்களுக்குப் பலமுறை இதுதான் காரணம். டயோடைத் திருப்பிப் போட்டாலும் அதே கதி, உடனடியாக.

எழுபது, எண்பதுகளின் மெர்சிடிஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: அவற்றின் பூட்டு காற்றுக் குழாயில் இயங்குவது. பம்பு வைத்த மாடல்களில் கீபேடிலிருந்து அரை நொடி பல்ஸ் (மின் சைகை) போதாது, 3.5 நொடி கொடுக்க வேண்டும். கீபேடில் அந்த நேரத்தை மாற்ற முடியுமா என்று வாங்கும்முன் பாருங்கள்.

கட்டடக் கதவுக்கான கீபேடைக் காரில் பொருத்தித் தருவதும் நடக்கிறது. 12 வோல்ட்தானே என்பார்கள். அதில் மூன்று சிக்கல். எஞ்சின் ஓடும்போது காரில் 14.4 வோல்ட் வரை வரும், அதற்கு மேல் கணநேர எழுச்சிகளும் உண்டு. எல்லாக் கட்டடக் கீபேடும் இதைத் தாங்காது. இரண்டாவதாக, அவற்றின் ரிலே வழக்கமாக ஐந்து நொடி பிடித்திருக்கும்படி வருகிறது. லாக் மோட்டாருக்கு ஒரு நொடிக்கு மேல் கரண்ட் கொடுத்தால் அது சூடாகிப் பழுதாகும், எனவே நேரத்தைக் குறைத்தே ஆக வேண்டும். மூன்றாவதுதான் பெரியது: பல மாடல்களில் ரிலே கீபேடின் உள்ளேயே இருக்கிறது, வெளியே, காரின் தோலில். அதைப் பெயர்த்து எடுத்து இரண்டு வயரைத் தொட்டுவைத்தால் கதவு திறந்துவிடும். எக்சிட் பட்டன் (உள்ளிருந்து திறக்கும் பட்டன்) வயரை எர்த்தோடு வைத்து கரண்டை நிறுத்திக் கொடுத்தால், மற்றக் குறியீடுகளைச் சேர்க்கவும் அழிக்கவும் உதவும் மாஸ்டர் குறியீடே பழைய நிலைக்குத் திரும்பும் மாடல்களும் உண்டு. கீபேட் வெளியே, முடிவெடுக்கும் பாக்ஸ் டாஷ்போர்டுக்குள் என்று பிரிந்த அமைப்பையே கேட்டு வாங்குங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

எங்கே பொருத்துவது? முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் உள்ள பில்லர்தான் சிறந்த இடம். கதவின் மேல் வைத்தால் இன்னும் ஒரு வயர்க் கட்டு கீல் பக்கமாக மடங்கி மடங்கி வர வேண்டியிருக்கும். பில்லரில் துளையிடும்முன் உள் டிரிம்மைக் கழற்றி, சீட் பெல்ட் சுருளும் பக்கவாட்டு ஏர்பேக் வயரும் எங்கே இருக்கின்றன என்று கண்ணால் பார்க்க வேண்டும். துளையின் ஓரத்தில் பெயிண்ட் போன இரும்புக்கு உடனே துரு தடுக்கும் பிரைமர், பிறகு ரப்பர் புஷ், பிறகு சிலிகான். வினிகர் வாடை வரும் சிலிகான் இரும்பை அரிக்கும், நியூட்ரல் வகையைக் கேளுங்கள். வயர் துளைக்குள் நுழையும்முன் கீழே ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். தொட்டால் வேலை செய்யும் கண்ணாடிக் கீபேட் மழையில் தானாகவே எண் பதியும். அழுத்தும் ரப்பர் பட்டனோ உலோகப் பட்டனோ வெயிலிலும் மழையிலும் நம்பகமானது.

கதவு வேலையில் பழைய மெக்கானிக்குகளின் கை பாராட்டத்தக்கது. பூட்டு ராடின் (கதவுக்குள் பூட்டை இழுக்கும் கம்பி) நீளத்தையும் கோணத்தையும் அவர்கள் பிடிக்கும் பக்குவம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. மோட்டாரின் தண்டு ராடோடு ஒரே கோட்டில் இழுக்க வேண்டும், சாய்ந்தால் பாதியில் இறுகும். கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கி இடம் பார்த்த பிறகே மோட்டாருக்குத் துளையிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி மோட்டாரில் இடித்து நிற்கும். ஆனால் டோர் பேடை (கதவின் உட்பக்க அட்டை) மாட்டும் அவசரத்தில் பலர் விட்டுவிடுவது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தாளை. அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைத் தண்ணீர் கதவின் அடித்துளை வழியாக வெளியேறுவது அந்தத் தாளால்தான். அது இல்லையென்றால் அடுத்த மழையில் தரை விரிப்பு நனையும், ஏன் என்று யாருக்கும் புரியாது. டோர் பேட் மூடும்முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கதவுக்கு வயர் கொண்டுபோகும்போது மெல்லிய இழைகள் நிறைய உள்ள வயர் வேண்டும். வீட்டு வயரிங்குக்கான ஒற்றைக் கம்பி வயர் சில நூறு முறை கதவு திறந்து மூடியதும் ரப்பர் குழாய்க்குள்ளேயே ஒடியும். மோட்டார் ஒன்று இழுக்கும் கணத்தில் 3 முதல் 5 ஆம்பியர் எடுக்கும். நான்கும் சேர்ந்தால் 20 ஆம்பியர் வரை, அதுவும் ஒரு நொடிக்குள். ஆகவே மெயின் வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், 20 ஆம்பியர் ஃப்யூஸ், அது பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். தூரத்தில் வைத்தால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது ஃப்யூஸ் காப்பாற்றாது. கீபேடுக்குத் தனியாக 0.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 2 ஆம்பியர் ஃப்யூஸும் போதும். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவது எங்கும் பழக்கமாகிவிட்டது. வெயிலில் அந்தப் பசை உருகி டேப் அவிழும். சால்டர் செய்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள், அல்லது கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கூடுதல், அவ்வளவுதான்.

விடுப்பில் வருகிறவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் அடுத்து வருவது. தினமும் ஓடும் காரில் கீபேட் எவ்வளவு கரண்ட் இழுத்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். நிற்கும் காரில் அதுவே பேட்டரியைத் தின்றுவிடும். 45 ஆம்பியர்-அவர் (ஒரு ஆம்பியர் வீதம் 45 மணி நேரம் தரும் அளவு) பேட்டரியில் பாதி போனாலே பழைய எஞ்சின் ஸ்டார்ட் ஆகத் தயங்கும், அதாவது கையில் இருப்பது சுமார் 22 ஆம்பியர்-அவர். விளக்கு எரியும் கீபேட் 60 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 1.44 ஆம்பியர்-அவர், பதினைந்து நாளில் கதை முடிந்தது. 10 மில்லி ஆம்பியர் என்றால் கிட்டத்தட்ட மூன்று மாதம் தாங்கும், பேட்டரி தானாக இழப்பதைக் கணக்கில் எடுக்காமல். வேலை முடிந்ததும் கதவுகளை மூடி, அரை மணி நேரம் விட்டு, பேட்டரியின் நெகட்டிவில் மீட்டரைத் தொடராக இணைத்து மொத்த கரண்ட்டை அளக்கச் சொல்லுங்கள். கடிகாரம், ரேடியோ நினைவகம் எல்லாம் சேர்த்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் ஓடும் காருக்குச் சரி. மாதக்கணக்கில் நிற்கும் காருக்கு அதுவும் அதிகம். ஒட்டும் வகைக் கம்பியில்லாக் கீபேடுக்குத் தனி பேட்டரி உண்டு என்பார்கள். உண்மைதான், ஆனால் காருக்குள் இருக்கும் ரிசீவர் எப்போதும் விழித்திருக்கிறது.

விடுப்பு முடிந்து போகும்போது பேட்டரி முனையைக் கழற்றிவிட்டுப் போகிறவர்களுக்குக் கீபேடும் அன்றே அணைந்துவிடும். பானட் திறக்கும் நெம்புகோல் காருக்குள் இருப்பதால், சாவித் துளை வேலை செய்யாவிட்டால் உள்ளே போக வழியே இல்லை. ஆகவே கீபேட் வந்துவிட்டது என்று சாவித் துளையை ஒருபோதும் அடைக்கவோ, புறக்கணிக்கவோ கூடாது. கிராஃபைட் பொடி கொஞ்சம் ஊதி, சாவியை நாலைந்து முறை திருப்பிப் பாருங்கள். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டி இறுகும். பேட்டரியை இணைத்தே வைப்பதானால், வாரம் ஒருமுறை யாராவது அரை மணி நேரம் ஓட்ட வேண்டும், அல்லது சிறிய சோலார் சார்ஜர் வைக்க வேண்டும்.

இந்த வேலையை விடுப்பின் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். நான்கு கதவுக்கும் மோட்டார் என்றால் ஒரு முழு நாள் பிடிக்கும். கோளாறுகள் அதன் பிறகு சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும்: வெயிலில் இறுகும் ராடு, மழையில் கசியும் துளை, இறங்கும் பேட்டரி. முதல் வாரத்திலேயே முடித்தால் அதே ஆள் வந்து சரிசெய்ய நேரம் இருக்கும்.

வண்டியை எடுக்கும்போது எந்த நிற வயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து வாங்கிக் காருக்கு வெளியே, வீட்டில் வையுங்கள். அடுத்து கைவைப்பவர் வேறொருவராகத்தான் இருப்பார். பெட்டியோடு வந்த மாஸ்டர் குறியீட்டை எலெக்ட்ரீஷியன் போன பிறகு நீங்களே மாற்றுங்கள். வீட்டில் இருப்பவருக்கு ஒன்று, ஓட்டுநருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று தனித்தனிக் குறியீடு கொடுத்தால், ஒருவர் வேலையை விட்டுப் போனதும் அவருடையதை மட்டும் அழிக்கலாம். தேய்ந்த பட்டன்கள் எந்த எண்கள் என்பதைக் காட்டிக்கொடுக்கும், அதனால் ஒவ்வொரு வருகையிலும் குறியீட்டை வேறு எண்களுக்கு மாற்றிவிடுங்கள்.