வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கொழுப்பை உறிஞ்சினார்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் இருக்கும் பெண்கள், முக்கியமாக சிசேரியனுக்குப் பிறகு வயிறு உள்ளே போகவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள், தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். பத்து மாசமாக இதை வெளியில் சொல்லவில்லை. போன வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி எனக்கு லைபோசக்‌ஷன், அதாவது வயிற்றுக் கொழுப்பைக் குழாய் விட்டு உறிஞ்சும் ஆபரேஷன், செய்த அதே இடத்தில் அட்வான்ஸ் கட்டப் போகிறாள் என்று தெரிந்தது. இனிமேல் சும்மா இருந்தால் பாவம்.

எனக்கு 36 வயது, ஊர் நீடாமங்கலம் பக்கம். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். சின்னவன் பிறந்து நாலு வருஷம் ஆகியும் வயிறு ஆறு மாசக் கர்ப்பம் மாதிரியே முன்னால் நின்றது. கல்யாண வீட்டுக்குப் போனால் "விசேஷமா?" என்று கேட்பார்கள். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். அவர் ஊரில் இல்லாத சமயத்தில் அந்தக் கேள்வி எப்படிக் குத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆடி மாசம் போனில் விளம்பரம் வந்தது. ஆடிப்பெருக்கு சலுகையாம், கத்தி இல்லை, தழும்பு இல்லை, ஒரே நாளில் தட்டை வயிறு. அத்தாச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். மாடியில் ஏசி அறை, வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண். டாக்டர் என்றுதான் நினைத்தேன், கவுன்சிலராம். சேலைக்கு மேலேயே டேப் வைத்து அளந்துவிட்டு, "நாலு லிட்டர் எடுத்துடலாம்க்கா, ஆனா இந்த ரேட்டு பதினெட்டாம் பெருக்கு வரைக்கும்தான்" என்றார். மொத்தம் 95,000. அன்றைக்கே 20,000 கட்டினேன். மீதிக்குச் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்தேன்.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுக்கவில்லை. படுக்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆபரேஷன் செய்தவரை நான் முதன்முதலில் பார்த்ததே மேஜையில் படுத்த பிறகுதான். இங்கிலீஷில் எட்டுப் பக்கம் நீட்டி, பென்சிலில் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

லைபோசக்‌ஷன் என்றால் என்ன என்று யாராவது எனக்குப் பத்து நிமிஷம் சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். உப்புநீரில் லிக்னோகைன் என்ற மரத்துப்போகும் மருந்தும், ரத்தக்கசிவைக் குறைக்க அட்ரினலினும் கலந்து தோலுக்கடியில் ஏற்றுகிறார்கள். பிறகு சின்னத் துளை வழியாகக் குழாயை விட்டு முன்னும் பின்னும் ஆட்டி, கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். வருவது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு மட்டும்தான். குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பைத் தொட முடியாது, தொங்கும் தோல் இறுகாது, விலகிய தசை சேராது. உடம்பு எடையைக் குறைக்கிற வைத்தியமே இல்லை இது. பாட்டிலைக் காட்டி "நாலு லிட்டர்" என்றார்களே, அதில் அவர்கள் ஏற்றிய தண்ணீரும் சேர்த்திதான்.

சாயந்திரமே காரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு உதட்டைச் சுற்றி மதமதப்பு, காதில் ஒரே இரைச்சல், படபடப்பு. போன் பண்ணினால், "பலவீனம்தான், ஜூஸ் குடிங்க" என்றார்கள். லிக்னோகைன் ரத்தத்தில் உச்சத்துக்குப் போவதே பல மணி நேரம் கழித்துத்தான், அளவு மிஞ்சினால் வரும் முதல் அறிகுறிகள் இவைதான் என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னபோது எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு நடுவில் படுத்திருந்தேன் அன்றைக்கு. துளைகளிலிருந்து இளஞ்சிவப்பாய் நீர் வடிந்து பாய் நனைந்தது. முதல் ஓரிரு நாள் அப்படி வடிவது வழக்கம்தானாம். அதைக்கூடச் சொல்லி அனுப்பவில்லை, அம்மா விடிய விடிய அழுதது.

இறுக்க உடுப்பு என்று தனியாக 6,500 வாங்கினார்கள். அதை ஆவணிப் புழுக்கத்தில் ஆறு வாரம் போட்டிருந்தேன். மூன்றாம் வாரம் அடிவயிற்றில் தண்ணீர்ப் பை மாதிரி தளும்பியது. "அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா செய்த முதல் காரியம், "மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கும்மா" என்றதுதான். தூக்கினேன். வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக வரப்பு மாதிரி ஒரு மேடு எழும்பியது. பிரசவத்தில் வயிற்றுத் தசை இரண்டாகப் பிரிந்து சேராமலே நின்றிருக்கிறது. ஸ்கேனில் தொப்புளில் சின்ன ஹெர்னியாவும் (குடலிறக்கம்) தெரிந்தது. "உனக்குக் கொழுப்பு பெரிசா இல்லம்மா. ஹெர்னியா இருக்கிற வயித்துல குழாய் விட்டிருக்காங்க, குடல் ஓட்டை ஆகியிருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று கேட்டார். தேங்கிய நீரை ஊசியால் இரண்டு தடவை எடுத்தார்கள். இன்றைக்கும் வயிறு முன்னால்தான் நிற்கிறது, கூடவே இடது பக்கம் பள்ளமும் மேடுமாக இருக்கிறது, தொட்டால் உணர்ச்சி இல்லை.

தலையைத் தூக்கச் சொல்லும் அந்தச் சோதனைக்குக் காசு இல்லை, அரை நிமிஷம் கூட ஆகாது. 95,000 வாங்கியவர்கள் அதைச் செய்யவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் குழாய் விடப்போகிறவரிடமே நேரில் பேசுங்கள். எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது அதற்குச் சமமான டி.ஆர்.என்.பி. படிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பதிவு எண்ணை வாங்கித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் பாருங்கள். எனக்குச் செய்தவருடையது தேடியும் கிடைக்கவில்லை. மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, ராத்திரி ஏதாவது ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள் என்றும் கேளுங்கள். சலுகை முடியப் போகிறது என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: உங்கள் மருத்துவப் பதிவுகளை எழுத்தில் கேளுங்கள், கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் கொடுக்க வேண்டும் என்பது விதி. மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், நான் கொடுத்துவிட்டேன். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எனக்குத் துண்டுச் சீட்டில்தான் ரசீது கொடுத்தார்கள். ஆனால் பாதிப் பணம் போனில் அனுப்பியதால் வங்கிக் கணக்கில் பதிவு இருக்கிறது, அதைத்தான் இணைத்திருக்கிறேன். மாடி ஏசி அறை, ஆடிச் சலுகை என்றதும் உங்களுக்கும் அந்த இடம் ஞாபகம் வந்தால் தனியாக எழுதுங்கள், பெயரை வெளியில் சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் திருவாரூரில் வக்கீலைப் பார்க்கப் போகிறேன், சேர்ந்தே போகலாம்.