தூக்க மாத்திரையை விடும் வழிகள்: எது தாங்கும், எது சறுக்கும்?

வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேல், படுக்க நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் பிடிக்காமல் பகலும் கெடுகிறது என்றால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். இந்த நிலையில் பலர் ஏற்கெனவே ஏதோ ஒரு மாத்திரையில் இருப்பார்கள். அல்பிரசோலம், குளோனசெபம், லோரசெபம் போன்ற பென்சோடயசெபைன் வகையாக இருக்கலாம், சோல்பிடெமாக இருக்கலாம். விட வேண்டும் என்று தோன்றும்போது அவர்கள் முன்னே நான்கு வழிகள் வந்து நிற்கின்றன: ஒரேயடியாக நிறுத்துவது, படிப்படியாகக் குறைப்பது, வேறு மருந்துக்கு மாறுவது, தூங்கும் முறையையே திருத்துவது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவதும் நான்காவதும் கைகோத்தால்தான் காரியம் நடக்கும். மற்ற இரண்டையும் பற்றி எச்சரிக்கத்தான் அதிகம் இருக்கிறது.

ஒரேயடியாக நிறுத்துவது

மன உறுதி உள்ளவர்களைத்தான் இது கவர்ந்திழுக்கும். சில நாள் மட்டுமே எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் தொல்லை வராது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பென்சோடயசெபைன் எடுத்தவர்கள் சட்டென்று நிறுத்தினால் பதற்றம், கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு வரை போகலாம். சோல்பிடெமை நெடுநாள் அதிக அளவில் எடுத்தவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் எல்லா பென்சோடயசெபைன் மருந்துகளின் விவரத்தாளிலும் கட்டம் கட்டி அச்சிடும் எச்சரிக்கையில் இந்த விலகல் ஆபத்தைச் சேர்க்கச் செய்தது.

உடல் ஆபத்து ஒருபக்கம் இருக்கட்டும். இந்த வழி மனதுக்குத் தவறான பாடத்தையும் கற்றுக்கொடுக்கிறது. நிறுத்திய முதல் சில இரவுகளில் தூக்கம் பழையதைவிட மோசமாகும். மருந்து விலகும்போது மூளை காட்டும் எதிர்வினை அது. பெரும்பாலும் நாள்களிலோ சில வாரங்களிலோ தணியும். ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்குக் கண் விழித்துக் கிடப்பவருக்கு அப்படித் தோன்றாது. “பார், மாத்திரை இல்லாமல் எனக்கு ஆகாது” என்று முடிவு கட்டி, மூன்றாம் இரவே அட்டையைத் தேடுவார். அடுத்த முறை விட முயலும்போது பயமும் கூடவே வரும்.

படிப்படியாகக் குறைப்பது

இது மெதுவானது, சலிப்பூட்டுவது, பாதுகாப்பானது. அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் கூட்டாக 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை அளவை 5 முதல் 10 சதவீதம் குறைத்துத் தொடங்கலாம் என்கிறது. இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு கட்டுகிறது.

காகிதத்தில் எளிது. கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு பார்த்தால்தான் சிக்கல் தெரியும். தினமும் 0.5 மில்லிகிராம் குளோனசெபம் எடுப்பவர் அரையும் காலுமாக எடுத்தால் 0.375. வரம்பின் விளிம்பான 25 சதவீதத்தை அந்த முதல் வெட்டே தொட்டுவிடுகிறது. அடுத்து அரை மாத்திரைக்கு இறங்கினால் அது மூன்றில் ஒரு பங்குக் குறைப்பு. பாதியிலிருந்து காலுக்குப் போனால் 50 சதவீதம். எண்ணிக்கையில் ஒரே அளவாகத் தெரியும் வெட்டு, கீழே போகப் போக உடலுக்குப் பெரிதாகிறது. கடைசிப் படிகளில்தான் பலர் வழுக்குவதற்கு இது முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. குறைந்த மில்லிகிராம் மாத்திரையோ திரவ மருந்தோ உண்டா என்று மருத்துவரிடம் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. சமையல் கத்தியால் வெட்டினால் கால் துண்டு ஒருநாள் பெரிதாகவும் மறுநாள் பொடியாகவும் வரும். அதற்கென்றே விற்கும் வெட்டும் கருவி மேல். நின்று நிதானமாகக் கரையும் வகை மாத்திரைகளை வெட்டவே கூடாது.

ஒரு படியில் தடுமாறினால் அதே அளவில் இன்னும் சில வாரம் நிற்கலாம். பழைய அளவுக்குத் திரும்ப ஏறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

நல்ல விளக்கமும் ஓரளவு வேலை செய்கிறது. கனடாவில் 65 வயதைத் தாண்டிய, நெடுநாளாக பென்சோடயசெபைன் எடுப்பவர்களுக்கு மருந்தின் ஆபத்தையும் குறைக்கும் அட்டவணையையும் சொல்லும் ஒரு கையேட்டை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் மருந்தை விட்டிருந்தார்கள். கையேடு கிடைக்காதவர்களில் 5 சதவீதம்.

வேறு மருந்துக்கு மாறுவது

குறுகிய நேரமே உடலில் தங்கும் மருந்திலிருந்து டயசெபத்துக்கு மாறி, பிறகு குறைக்கும் முறையை இங்கிலாந்தின் நியூகாசிலில் மருந்தியல் பேராசிரியராக இருந்த ஹெதர் ஆஷ்டன் பரவலாக்கினார். ஏற்ற இறக்கம் குறையும் என்பது லாபம். வயதானவர்களின் உடலில் டயசெபம் தேங்கி, பகல் மயக்கமும் கீழே விழும் ஆபத்தும் கூடும் என்பது நஷ்டம். மருத்துவர் கணக்கிட்டுத் தர வேண்டிய மாற்றம் இது, சொந்தமாகச் செய்வதல்ல.

ஒவ்வாமை மாத்திரையைத் தூக்கத்துக்கு எடுப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. அந்த வகையைச் சேர்ந்த டைபென்ஹைட்ரமின் சில நாள்களிலேயே மழுங்கிவிடும்; முதியவர்களுக்கு மனக்குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு தரும். மெலடோனின் உடல் கடிகாரத்தை நகர்த்த உதவுகிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு அதன் பலன் சொற்பம். விழிப்பைத் தூண்டும் மூளை வேதிப்பொருளான ஒரெக்சினைத் தடுக்கும் புதிய மருந்துகளில் முதலாவதான சுவொரெக்சன்ட் 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நிறுத்தும்போது வரும் விலகல் தொல்லை குறைவு என்பதால் இவற்றை ஒதுக்க முடியாது. ஆனாலும் இரவில் கை எட்டுவது மீண்டும் ஒரு மாத்திரையைத்தான். மதுவைப் பற்றி ஒரே வரி: தூக்கத்தின் பின்பாதியைக் கலைக்கும், தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கும்.

தூங்கும் முறையைத் திருத்துவது

தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான் பெரியவர்கள் எல்லோருக்கும் முதல் சிகிச்சையாக 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது. இதைக் கேட்டதும் “மாலையில் காபி குடிக்காதே, அறையை இருட்டாக்கு” என்ற அறிவுரைதானே என்று பலர் உதட்டைப் பிதுக்குவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சுகாதார அறிவுரைகளை மட்டும் தனிச் சிகிச்சையாகத் தருவதை அமெரிக்கத் தூக்க மருத்துவச் சங்கத்தின் 2021 வழிகாட்டுதலே ஆதரிக்கவில்லை. உண்மையான மருந்து வேறு இடத்தில் இருக்கிறது.

இரவு பத்து முதல் காலை ஏழு வரை ஒன்பது மணி நேரம் படுக்கையில் கிடந்து, ஐந்தரை மணி நேரமே தூங்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். படுத்த நேரத்தில் 61 சதவீதம்தான் தூக்கம். உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987-இல் விவரித்த முறைப்படி, அவர் படுக்கையில் இருக்கும் நேரத்தையும் ஐந்தரை மணியாகச் சுருக்க வேண்டும்: ஒன்றரைக்குப் படுத்து ஏழுக்கு எழுவது. தூக்கப் பசி ஏறி, துண்டு துண்டாக இருந்த தூக்கம் ஒட்டிக்கொள்ளும். 85 சதவீதத்தைத் தாண்டிய பின் வாரம் ஒரு கால் மணி நேரமாகக் கூட்டலாம். எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் ஐந்து மணிக்குக் கீழே சுருக்கக் கூடாது. உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் சொன்னது இதற்குத் துணை: தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போ, கண் சொக்கியதும் திரும்பு.

முதல் இரண்டு வாரம் கொடுமை. பகலில் கண் இருளும்; வாகனம் ஓட்டுவது ஆபத்து. இருமுனைக் கோளாறு, வலிப்பு, தூக்கத்தில் மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

சேர்த்துச் செய்தால்

கனடா உளவியலாளர் ஷார்ல் மோரான் குழு, பென்சோடயசெபைன் எடுத்துவந்த 76 முதியவர்களிடம் செய்த ஆய்வு 2004-இல் வெளியானது. மேற்பார்வையோடு குறைத்தவர்களில் 48 சதவீதமும், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 54 சதவீதமும் மருந்தை விட்டார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் 85 சதவீதம்.

எதை முதலில் தொடங்குவது? படுக்கை நேரத்தைச் சுருக்கும் முதல் வாரமும் மாத்திரையை வெட்டும் முதல் வாரமும் ஒன்றாக விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இரண்டும் ஒன்றாக வந்தால் எந்த இரவு எதனால் கெட்டது என்றே தெரியாது. தூக்கம் ஓரளவு இறுகிய பிறகு முதல் துண்டைக் குறைக்கலாம். அதன் பின் இரவு கெட்டால் தூக்க நாட்குறிப்பில் அந்த வாரத்து மருந்தளவையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். கெட்ட இரவுகள் வெட்டிய நாளை ஒட்டியே கூட்டமாக விழுந்து பிறகு கலைகின்றனவா என்பது அதில் தெரிந்துவிடும். அந்த இரவுகளை ஈடுகட்ட மறுநாள் காலை நேரம் கழித்து எழுவதும் மதியம் படுப்பதும் வேண்டாம். விடுமுறை நாளிலும் அதே ஏழு மணிதான்.