டி.என். 76 வண்டியோடு கொல்லத்தில் நான்கு வருஷம்

2021 ஜூலையில் கொல்லத்தில் வேலை கிடைத்தது. தென்காசிப் பக்கத்து எங்கள் இலஞ்சியிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். பக்கத்துச் செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். தாத்தா காலத்தில் மலைக்கு அந்தப் பக்கத்து ஆரியங்காவு போவது பக்கத்துத் தெருவுக்குப் போகிற மாதிரி. அதே நினைப்பில் 2017 மாடல் ஸ்விப்ட்டில் சாமானை ஏற்றிக்கொண்டு புளியரை எஸ் வளைவு ஏறிவிட்டேன்.

சம்பளப் பக்கம் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. வருமான வரி மத்திய அரசுடையது, ஊர் மாறினாலும் அதே கணக்கு. அரையாண்டுக்கு ஒருமுறை 1,250 ரூபாய் பிடித்ததைப் பார்த்து, கேரளாவில் தனியாக ஒரு வரி போடுகிறார்கள் என்று வீட்டில் புலம்பினேன். அது தொழில் வரி. தென்காசியிலும் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், நான் சம்பளச் சீட்டைப் படித்ததில்லை. எந்த மாநிலமானாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது.

வண்டிதான் என்னை அலையவிட்டது. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நாம் இருக்கிற மாநில எண்ணுக்கு மாற்றியாக வேண்டும். மாதம் இரண்டு தடவை ஊருக்கு வந்து போகிறோமே, நமக்கு அது கிடையாது என்று நானாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பத்தாவது மாதம் பக்கத்து வீட்டு சேட்டன் எச்சரித்த பிறகுதான் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்க வேண்டிய ஆட்சேபனை இல்லைச் சான்றுக்கு (என்.ஓ.சி.) ஓடினேன். கடன் முடிந்திருந்தும் ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் அப்படியே நின்றது. முதலில் அதை நீக்க வேண்டியிருந்தது. அப்புறம் வண்டி உடலில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டும். ஐந்து வருஷத்து அழுக்கு. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தேன். மூன்று தாள் கிழிந்தது. நான்காவதில்தான் எல்லா எழுத்தும் விழுந்தது.

கொல்லத்தில் வரி போட வண்டியின் வயதையும் வாங்கிய விலையையும் பார்ப்பார்கள். பில் என்னிடம் இல்லை. அம்மாதான் ரங்குப்பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் மடித்து வைத்திருந்தாள்.

தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் புது ஆர்.சி. நகலோடு பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்தான் மனுப் போட வேண்டும். அதாவது கேரளாவில் முதலில் கைக்காசைக் கட்டியாக வேண்டும். அந்தப் பணத்தை ஒதுக்கிவைக்காமல் கிளம்பாதீர்கள். இன்ஷூரன்ஸ், பாஸ்டேக் இரண்டிலும் எண்ணை மாற்றுங்கள். நான் பாஸ்டேகை மறந்து சுங்கச்சாவடியில் முழித்தேன்.

ஒரு வருஷத்துக்குள் திரும்பிவிடுவீர்கள் என்றால் வண்டி எண்ணை மாற்றவே வேண்டாம். பழைய வண்டி என்றால் ஊரிலேயே விற்றுவிட்டு அங்கே ஒன்று வாங்குவது மேல் என்பது என் எண்ணம்.

வண்டி எப்படி? மலைப்பாதையில் ஜல்லி ஏற்றிய டாரஸ் லாரிகளுக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்தே 60,000 கிலோமீட்டரில் கிளட்ச் பிளேட் போனது. கடல் காற்றில் கதவுக்கு அடியில் துரு. தனியாக வருவதென்றால் இப்போது ரயில்தான். 2018இல் அகலப்பாதை வந்த பிறகு கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தை உட்கார்ந்தே பார்க்கலாம்.

போன சீசனில் கே.எல். 02 எண்ணோடு குற்றாலத்தில் நிறுத்தினேன். ஒரு பையன் ஓடிவந்தான். "சேட்டா, எண்ணெய் மசாஜ் வேணோ?"

"ஏல, நான் இலஞ்சிக்காரன்."

வண்டி எண்ணை ஒருமுறை பார்த்தான். "சரி சேட்டா" என்று அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.