இணைய நம்பரில் ஓடிபி வாங்கலாமா? பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே அமெரிக்காவில் இருக்கும் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். சம்பளப் பட்டியல், விற்பனை வரி, பேங்க் கணக்கைச் சரிபார்ப்பது, இதுதான் வேலை. எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாஸ்வேர்டுக்கு அப்புறம் ஒரு ஆறு இலக்கக் கோடு, அதாவது ஓடிபி, கேட்கும். அந்தக் கோடு வந்து சேர இணைய நம்பரைத்தான் பல வருடங்களாக நம்பியிருந்தேன். இதே வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் பற்றி அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசுவதற்கும் செய்தி வாங்குவதற்கும் இணைய நம்பர் அருமையான வசதி. ஆனால் பணம் இருக்கும் கணக்கின் பாதுகாப்பையும் முக்கியமான மெயிலின் பாதுகாப்பையும் அதன் தலையில் கட்டக் கூடாது.

இணைய நம்பருக்கு சிம் கார்டு கிடையாது. அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் ஒரு நிறுவனத்தின் சர்வருக்கு வரும். நாம் ஆப்பிலோ பிரவுசரிலோ லாகின் செய்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். 2009இல் வந்த கூகுள் வாய்ஸ் இதில் பலருக்கும் தெரிந்த பெயர். அதன் இலவச நம்பரை அமெரிக்காவில் இருப்பவர்கள்தான் எடுக்க முடியும், அதுவும் அங்குள்ள ஒரு போன் நம்பரை இணைத்துத்தான். நான் பயன்படுத்தும் நம்பர்களும் நான் எடுத்தவை அல்ல. கடைக்காரர்கள் தங்கள் பெயரில் எடுத்து, எனக்கு அனுமதி கொடுத்தவை.

ஏன் தேவைப்பட்டது என்றால், நேர வித்தியாசம். இங்கே காலை பத்து மணிக்கு நான் உட்காரும்போது நியூ ஜெர்சியில் கோடைகாலமென்றால் நள்ளிரவு பன்னிரண்டரை, குளிர்காலமென்றால் இரவு பதினொன்றரை. கோடு அவர்கள் செல்போனுக்குப் போகும், அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எழுப்பினால் பாவமாக இருக்கும். எழுப்பாவிட்டால் சில நிமிடங்களில் கோடு காலாவதியாகிவிடும். அடுத்த நாள் காலையிலும் இதே கதைதான். இணைய நம்பர் வந்த பிறகு இந்தத் தொல்லை ஒரேயடியாகப் போனது. கோடு என் லேப்டாப் திரையில் வரும், மெயிலுக்கும் ஒரு நகல் வரும். எந்தத் தேதியில் எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று பின்னால் தேடியும் பார்க்கலாம்.

அதன் அருமை நன்றாகத் தெரிந்தது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வந்தபோது. எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது, கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னலும் இல்லை. அந்த வாரம் ஒரு கடையின் ஊழியர்களுக்குச் சம்பளம் போட்டாக வேண்டும். தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் லேப்டாப்பை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு அண்ணா நகரில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே கரண்டும் பிராட்பேண்டும் வந்துவிட்டிருந்தன. செல் சிக்னல் அங்கேயும் சரியில்லை. ஆனாலும் கோடு வந்தது, சம்பளம் போனது. சிம்மை நம்பியிருந்தால் அன்று நடந்திருக்காது. (அதே நாட்களில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து மீனவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவளுக்கு என் சிரமம் ஒரு சிரமமே இல்லை.)

சரி, இவ்வளவு வசதி இருந்தும் ஏன் வேண்டாம் என்கிறேன்?

முதல் காரணம், பல நிறுவனங்கள் இந்த நம்பரை ஏற்பதே இல்லை. ஒரு நம்பர் செல்போனா, லேண்ட்லைனா, இணைய நம்பரா என்று கண்டுபிடித்துச் சொல்லும் சேவைகள் இருக்கின்றன. நீங்கள் நம்பரைத் தட்டிய அந்த நொடியிலேயே அது தெரிந்துவிடும். சில தளங்கள் 'வேறு நம்பர் கொடுங்கள்' என்று நேரடியாகச் சொல்லும். இன்னும் சில, கோடு அனுப்பிவிட்டதாகச் சொல்லும், ஆனால் ஒன்றும் வராது. அமெரிக்காவில் கோடுகள் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு இலக்கக் குறு எண்ணிலிருந்து வரும். அவற்றை வாங்கும் ஏற்பாடு எல்லா இணைய நம்பர் சேவைகளிலும் கிடையாது. 'போன் செய்து சொல்லவா' என்று கேட்கும் தளங்களில் அதைத் தேர்ந்தெடுத்தால் சில சமயம் வேலை நடக்கும். அதிலும் ஒரு ஆபத்து உண்டு. நாம் எடுக்காவிட்டால் அந்த இயந்திரக் குரல் வாய்ஸ்மெயிலில் கோட்டைப் படித்துவிட்டுப் போகும். வாய்ஸ்மெயில் எழுத்தாக மாறி மெயிலுக்கும் வரும். மெயிலுக்குள் நுழைய முடிந்த எவரும் அதைப் படிக்கலாம்.

ஆரம்பத்திலேயே மறுத்துவிட்டால்கூடப் பரவாயில்லை. ஒரு பணப் பரிமாற்ற நிறுவனம் நம்பரை ஏற்றுக்கொண்டு நீண்ட காலம் கோடு அனுப்பிக்கொண்டிருந்தது. திடீரென ஒரு நாள் இணைய நம்பர் செல்லாது என்று நிறுத்திவிட்டது. நம்பரை மாற்றலாம் என்று உள்ளே போகப் பார்த்தால், பழைய நம்பருக்கு வரும் கோட்டைக் கொடு என்கிறது. அந்தக் கோட்டைத்தான் அனுப்ப மாட்டார்களே! கடைக்காரர் தன் அடையாளச் சான்றுகளை அனுப்பி, ஆள் மாற்றி ஆளிடம் பேசி, கணக்கைத் திரும்ப வாங்குவதற்குள் இரண்டு பேருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. சப்ளையருக்குப் போக வேண்டிய பணம் அதுவரை நின்றுபோனது.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. இணைய நம்பர் உங்கள் கையில் இருக்கும் பொருள் அல்ல, அது இன்னொரு கணக்கு. அதற்கும் ஒரு பாஸ்வேர்டு உண்டு. கூகுள் வாய்ஸ் நம்பரை அதே கூகுள் கணக்கின் பாதுகாப்பு எண்ணாகப் போடுவது, பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவது போலத்தான். லாகின் போய்விட்டால் கோடும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கூகுளே தன் உதவிப் பக்கத்தில் இதைச் சொல்லி எச்சரிக்கிறது. உங்கள் மெயில் திருடன் கையில் சிக்கினால் நம்பரும் அவனுக்குத்தான், நம்பரை நம்பியிருக்கும் மற்ற கணக்குகளும் அவனுக்குத்தான். இரண்டு பூட்டு போட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம், உண்மையில் இருப்பது ஒன்றே. தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இதே காரணம்தான் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட கருவி உங்கள் கையில் இருப்பதை மெயிலும் இணைய நம்பரும் நிரூபிப்பதில்லை, அதனால் இப்படிக் கோடு அனுப்ப அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது.

நம்பர் நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. இலவச நம்பரைச் சில மாதம் தொடாமல் விட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். சேவையே மூடப்படலாம். உலகமே பயன்படுத்திய ஸ்கைப் 2025 மே மாதத்தோடு போய்விட்டதே.

இலவசமாக ஓடிபி வாங்கித் தருகிறோம் என்று பொது நம்பர்களை வரிசையாகக் காட்டும் தளங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். அங்கே உங்களுக்கு வரும் கோட்டை ஊரே படிக்கலாம். நாளைக்கு அதே நம்பரைப் போட்டு 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தி யார் வேண்டுமானாலும் உங்கள் கணக்குக்குள் நுழையலாம்.

நம்மூர் பேங்குகளுக்கு வருகிறேன். காசிமேட்டில் இருக்கும் என் அத்தை மகன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். நடுக்கடலில் கப்பலில் வைஃபை இருக்கும், நம்மூர் சிம்முக்கு சிக்னல் இருக்காது. "அக்கா, உன்கிட்ட இருக்கிற மாதிரி எனக்கும் ஒரு நெட் நம்பர் எடுத்துக் கொடு, பேங்க் ஓடிபி அதுக்கு வரட்டும்" என்றான். அது நடக்காது தம்பி என்று சொல்ல வேண்டியிருந்தது. யுபிஐ ஆப் தொடங்கும்போதே போனில் இருக்கும் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் ஆளை உறுதி செய்கிறது. வாட்ஸ்அப், டெலிகிராம் போன்ற ஆப்களையே சிம்மோடு கட்ட வேண்டும், அதாவது பதிவு செய்த சிம் போனில் இருந்தால்தான் அவை ஓட வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவு போட்டது. காற்று இங்கே அந்தத் திசையில்தான் அடிக்கிறது.

அதனால் வேறு வழி பார்த்தோம். மாதாமாதம் போகும் பணத்தை எல்லாம் அவன் கப்பல் ஏறும் முன்பே தானாகப் பிடித்துக்கொள்ளும்படி வைத்தோம். இப்படி ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் 15,000 ரூபாய் வரையிலான மாதக் கட்டணங்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஓடிபி தேவையில்லை. மற்றதைத் துறைமுகத்தில் இறங்கும்போது ரோமிங்கில் செய்துகொள்கிறான். சிம்முக்கு ரீசார்ஜ் விட்டுப்போகாமல் அத்தை பார்த்துக்கொள்கிறார். 90 நாள் பயன்பாடே இல்லாத பிரீபெய்டு சிம் துண்டிக்கப்படலாம், பிறகு அந்த நம்பர் வேறொருவர் கைக்கும் போகலாம். எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்பாமல் வேறு வழிகளையும் பேங்குகள் கையாள இடம் தரும் ரிசர்வ் வங்கியின் விதிகள் 2025 செப்டம்பரில் வந்தன, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. கப்பல்காரர்கள் வீடு நிறைய இருக்கும் எங்கள் பகுதிக்கு இது உண்மையிலேயே நல்ல செய்தி.

சிம்மிலும் குறை உண்டு. உங்கள் பெயரில் இன்னொருவன் மாற்று சிம் வாங்கிவிட்டால் கோடெல்லாம் அவனுக்குப் போகும். அதனால்தான் சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராதபடி இங்கே நிறுத்தி வைக்கிறார்கள். ஆனாலும் இரண்டில் ஒன்று என்றால் நான் சிம்மைத்தான் சொல்வேன். நம் பெயரில், நம் ஆவணத்தில் இருக்கிறது. தொலைந்தால் போய்க் கேட்க ஒரு கடை இருக்கிறது.

இப்போது என் ஏற்பாடு இதுதான். எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் நம்பரையே எடுத்துவிட்டு ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாறிவிட்டேன். அதில் 30 நொடிக்கு ஒருமுறை கோடு போனுக்குள்ளேயே உருவாகும், சிக்னலும் வேண்டாம், இணையமும் வேண்டாம். புயல் நாளிலும் வேலை செய்யும், நடுக்கடலிலும் வேலை செய்யும். பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைரேகையையோ போன் பூட்டையோ வைத்தே உள்ளே விடும் பாஸ்கீ தரும் தளங்களில் அதையும் வைத்திருக்கிறேன். அவசரத்துக்கு கூகுள் தரும் பத்து பேக்கப் கோடுகளை அச்செடுத்து, ரேஷன் கார்டு இருக்கும் ஃபைலில் சொருகியிருக்கிறேன். அப்புறம், கடைக்காரரின் லாகினில் நுழைவதையே நிறுத்தினேன். குவிக்புக்ஸ் போன்ற மென்பொருள்களில் கணக்கு எழுதுகிறவருக்கென்று தனி லாகின் கொடுக்கும் வசதி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிவிட்டால் அடுத்தவர் ஓடிபிக்கு நாம் காத்திருக்க வேண்டியதே இல்லை. புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே இதைக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

இணைய நம்பர்கள் இன்னும் இருக்கின்றன. சப்ளையர்களோடு பேசவும், கூரியர் செய்திகள் வாங்கவும், பணம் சம்பந்தப்படாத சின்னக் கணக்குகளுக்கும் அவை போதும். எஸ்எம்எஸ் தவிர வேறு வழியே தராத சில தளங்களில் மட்டும் கடைக்காரரின் சொந்த செல் நம்பரைப் போட்டுவிட்டோம். அந்த வேலைகளை மாலை ஆறரைக்கு மேல் வைத்துக்கொள்கிறேன். அங்கே அப்போது காலை எட்டு, ஒன்பது மணி இருக்கும். கடை திறக்கும் முன் கோட்டை எனக்குப் படித்துச் சொல்லிவிடுவார்.