பியோசால்வர்: வலுவான சீட்டோடு பெட் கட்டுவதா, செக் செய்வதா?

டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரில் நல்ல சீட்டு அமைந்த பிறகுதான் பலர் தடுமாறுகிறார்கள். எதிராளி பயந்து ஓடிவிடுவாரோ என்று சிலர் எப்போதும் செக் செய்கிறார்கள், அதாவது பணம் கட்டாமல் வாய்ப்பை எதிராளிக்கு விடுகிறார்கள். வேறு சிலர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் பெட், அதாவது பந்தயப் பணம், கட்டுகிறார்கள். இந்த ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வதற்காகவே, 2015-இல் வெளிவந்த பியோசால்வர் என்னும் கணினி மென்பொருளை நான் பயன்படுத்தி வருகிறேன்.

இருவரிடமும் இருக்கக்கூடிய சீட்டுகள், நடுவில் குவிந்திருக்கும் பந்தயத் தொகை (பாட்), எஞ்சிய சிப்கள், அனுமதிக்கும் பெட் அளவுகள் ஆகியவற்றை நாம் கொடுத்தால், எவரும் தன் ஆட்டத்தை மாற்றி மேலும் லாபம் காண முடியாத ஒரு சமநிலையை அது கணக்கிட்டு நெருங்குகிறது.

ஃபிளாப்பில், அதாவது அனைவருக்கும் பொதுவாக முதலில் திறக்கப்படும் மூன்று சீட்டுகளில், ராஜா, 7, 2 ஆகியவை வெவ்வேறு இனங்களில் விழுந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கையில் இரண்டு 7 இருந்தால், எதிராளியிடம் ராஜாவும் ராணியும் சேர்ந்திருக்க 12 வழிகள் உள்ளன. நம் கையில் இருப்பது இரண்டு ராஜாவானால் அது 4 ஆகச் சுருங்கிவிடுகிறது. நம் பெட்டுக்குப் பணம் தரக்கூடிய சீட்டுகளையே நாம் பிடித்து வைத்திருக்கிறோம். அதனால்தான் வலிமை கூடிய ராஜா செட்டை (கையிலுள்ள ஜோடியும் ஃபிளாப்பில் ஒன்றும் சேர்ந்த மூன்று ராஜாக்கள்) செக் செய்வதற்கு 7 செட்டைவிட அதிகக் காரணம் இருக்கிறது. சீட்டின் வலிமையைவிட, எதிராளி எதைக் கொண்டு கால் செய்வார் (நம் பெட்டுக்கு ஈடான பணம் கட்டுவார்) என்பதே முதற்கேள்வி என எனக்குப் புரியவைத்தது இந்தக் கணக்குதான்.

ராணி, 9, 4 விழுந்து அவற்றில் இரண்டு ஆர்ட்டின் என்றால் நிலைமை வேறு. கையிலும் இரண்டு ஆர்ட்டின் வைத்துக்கொண்டு, ஐந்தும் ஆர்ட்டினாக அமையும் ஃபிளஷுக்குக் காத்திருப்பவருக்கு அடுத்த சீட்டிலேயே ஏறத்தாழ 19 சதவீத வாய்ப்பு உண்டு. மூன்றாவது ஆர்ட்டின் விழுந்துவிட்டால், அதுவரை பணம் தரத் தயாராக இருந்த ஒற்றை ஜோடிக்காரரும் பின்வாங்குவார். இங்கே செக் செய்வது இலவசமாக ஒரு சீட்டைக் கொடுப்பதாகும்.

நான் மிகவும் மதிக்கும் வசதி நோட் லாக்கிங். எதிராளியின் ஆட்டத்தை ஓரிடத்தில் நாமே நிர்ணயித்துப் பூட்டிவிட்டு, அதற்கேற்ற சிறந்த பதிலைக் கேட்கலாம். எதற்கும் கால் செய்பவராக அவரை வைத்தால் பெட் கூடுகிறது. நாம் செக் செய்ததும் பொய்யாகப் பெட் கட்டுபவராக வைத்தால் செக் கூடுகிறது.

குறைகளும் உண்டு. மூவர் மோதும் ஆட்டத்துக்கு இது உதவாது. பல பெட் அளவுகளைச் சேர்த்தால் கணினியின் ரேம் முழுவதையும் விழுங்கிவிடும். ஒரே சீட்டுக்கு அறுபது விழுக்காடு பெட், நாற்பது விழுக்காடு செக் என விடை வரும்போது புதியவர்கள் மலைத்துப் போவார்கள். அப்படிக் கலந்து வரும் இடங்களில் இரு வழிகளின் லாபமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதை, அருகிலுள்ள எதிர்பார்ப்பு மதிப்பு (சராசரி லாபம்) எண்களைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.