பெயரை மாற்றினால் போதும் என்று விற்பவரிடம் கவனம்

பினாங்கு பாயான் லெப்பாஸில் சம்பளக் கணக்கு மென்பொருள் விற்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர், தகவல் பாதுகாப்பு பாலிசிகளை, அதாவது தரவை எப்படிக் காப்போம் என்று எழுதிவைத்த விதிகளை, காட்டினால்தான் கையெழுத்து என்றுவிட்டார். உட்கார்ந்து எழுத ஆளில்லை. ஓர் ஆலோசகரிடம் 8,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து டெம்ப்ளேட் தொகுப்பு வாங்கினோம். "பேரை மட்டும் மாத்துங்க தம்பி, சட்டம் மாறினா புதுசு நாங்களே அனுப்புவோம்" என்றார்.

வந்தவை 42 வேர்டு கோப்புகள். ஒரே இடத்தில் பெயர் போட்டால் எல்லாவற்றிலும் மாறும் என்று நினைத்தேன். இல்லை, ஒவ்வொன்றிலும் கையால்தான். சரி, இரண்டு இரவு போனது.

வாடிக்கையாளரின் ஆடிட்டர் முன்னால்தான் மானம் போனது. தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 27001-இன் 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள். எங்கள் பட்டியலில் 114. அது 2013 பதிப்பின் கணக்கு. அடுத்து, தரவு கசிந்தால் யாரிடம் சொல்வீர்கள் என்றார். எங்கள் பாலிசி பிரிட்டனின் தரவு ஆணையரிடம் சொல்லச் சொல்கிறது! 2025 ஜூன் 1 முதல் இங்கே மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். அங்கேயும் அதே 72 என்பதால், படித்தபோது எனக்கு உறைக்கவே இல்லை. அது என் தப்பு.

ஆலோசகருக்குப் போன் செய்தால், புதுப்பிப்புக்குத் தனிச் சந்தாவாம்.

வாங்கப் போகிறவர்கள் எது எப்போது மாறியது என்று காட்டும் மாற்றப் பதிவேட்டை முதலில் கேளுங்கள். நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டது. அதற்குப் பிறகு ஒரு வரிகூட மாறவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நாங்கள் இப்போது ஆணையர் பெயர், மணிக்கணக்கு, பதிப்பு எண் என்று மாறக்கூடியவற்றை ஒரே தாளில் வைத்திருக்கிறோம். பாலிசிகள் அந்தத் தாளைச் சுட்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு பாலிசிக்கும் ஒரு பொறுப்பாளர், மறுபார்வைக்கு ஒரு தேதி.

இதையெல்லாம்விட வயிற்றைக் கலக்கியது வேறு. அவசரகாலத் திட்டக் கோப்பில் பழைய திருத்தங்களைத் திறந்து பார்த்தேன். யாரோ ஒரு கிளினிக்கின் ஊழியர் பெயர்கள், கைப்பேசி எண்களோடு, அப்படியே இருந்தன. அப்புறம்தான் நினைவு வந்தது: "சரிபார்த்துத் தருகிறேன்" என்று நாங்கள் நிரப்பிய 42 கோப்புகளையும் அந்த ஆலோசகர் வாங்கி வைத்திருக்கிறார். எங்கள் சர்வர் பெயர்கள்கூட அதில் உண்டு. அழித்துவிட்டதாக எழுதித் தரக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது.